ராயப்பனின் இடது கால்

பைக் ரேஸ் டீம் கேப்டன் ராயப்பனுக்கு வண்டிச் சத்தத்தைவிட வாய்ச் சத்தம் அதிகம். வளைவுக்கு முன்னால் கியரைச் சடசடவென்று இறக்கினால் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், வண்டி துள்ளும். அவர் வண்டி மட்டும் துள்ளாது. அந்த இழுப்பைத் தளர்த்திவிட அதில் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தது.

டீம் பெட்டியில் சும்மா கிடந்த இன்னொரு ஸ்லிப்பர் கிளட்ச்சை, புதிதாகச் சேர்ந்த நிலோஃபர் தன் பழைய வண்டிக்குக் கேட்டாள்.

"கிளட்ச்சா வண்டி ஓட்டுது? எல்லாம் இந்தக் கால்ல இருக்கும்மா!" என்று கியர் மிதிக்கும் இடது காலைத் தட்டிக் காட்டினார் ராயப்பன். "நாளைக்கு நீயும் என்னை மாதிரியே கியர் இறக்கணும். வண்டி துள்ளிச்சுன்னா டீம்ல இடமில்ல."

"சரிண்ணா. என் வண்டியில ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, பார்த்துக் கத்துக்கறேன்."

டீமே திரும்பிப் பார்த்தது. மாட்டேன் என்று சொல்ல அந்த வாய்க்கே வரவில்லை. ஏறிப் போனார். முதல் வளைவிலேயே பின்சக்கரம் குதித்து, வண்டி ஓரத்துச் சரளைக்கல்லில் போய்ப் படுத்தது.

நிலோஃபர்தான் முதலில் ஓடினாள்.

"இதுல ஸ்லிப்பர் கிளட்ச் இல்லையேம்மா!" என்று புழுதிக்குள்ளிருந்து கத்தினார் ராயப்பன்.

"அது கிடக்கட்டும்ணா. கால் பத்திரமா இருக்கா? எல்லாம் அதுலதானே இருக்கு!"

அன்று சாயங்காலமே பெட்டி காலியாகி, கிளட்ச் நிலோஃபர் வண்டியில் ஏறியது.