பேரை மட்டும் மாத்து

சாயப்பட்டறைக்குக் கீழ்ப்புறம், ஓடை செக்கச்செவேலென்று ஓடும் கரையில் ஒரு தோட்டம். பனியன் கம்பெனி வேலைக்காரி தெய்வாத்தாளும் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் கூடி, நொச்சி, ஆவாரை, புங்கன் என்று அந்த மண்ணின் செடிகளையே வைத்தார்கள். ஊரில் அகாலமாகச் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செடி, பேரும் கீழே செத்த விதமும் எழுதிய ஒரு பலகை.

பட்டறை முதலாளி பொங்கியண்ணன் காரைவிட்டு இறங்காமலே சொன்னார்: “வெள்ளிக்கிழமை கலெக்டர் வர்றாரு. எல்லாப் பலகையிலும் எங்கப்பா சென்னியப்பன் பேரு இருக்கோணும். இல்லீன்னா ஜேசிபிதான் வரும்.”

“பேரை மட்டும் மாத்துனாப் போதுங்களா?” என்றாள் தெய்வாத்தாள்.

“பேரை மட்டும் மாத்து. வேறெதுலயும் கை வெக்காதே.”

வெள்ளிக்கிழமை கலெக்டர் முதல் பலகையின் துணியை விலக்கி உரக்கப் படித்தார்: “சென்னியப்பன். சாயத்தண்ணி குடிச்சுக் குடல் வெந்து செத்தவர்.” அடுத்த பலகையிலும் அதேதான்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. “எவடி இதை எழுதுனது?”

“கீழ் வரி முந்தியே இருந்ததுங்க. அதுல கை வெக்காதேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“முந்தி யார் யார் பெயர் இருந்தது?” என்று கலெக்டர் கேட்டார்.

கூட்டம் முதலாளியைப் பார்த்தது. பிறகு ஒருத்தி தன் மகன் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி மகள் பெயரைச் சொன்னாள். கட்டிய நாள்முதல் புருஷன் பெயரை வாயால் சொல்லாத தெய்வாத்தாள், அன்று ஊர் கேட்கச் சொன்னாள்: “மாரப்பனுங்க.”