பின்னால் போகிற பாடம்

"நான் 'பேக் அவே'ன்னு சரியாத்தான் சொன்னேன் மிஸ். அவங்க கும்பிட்டுட்டாங்க."

"யாரு?"

"வெள்ளைக்காரங்க. புருசன் பொண்டாட்டி."

"யாரைக் கும்பிட்டாங்க?"

"யானையை."

இங்கிலீஷ் சொல்லித்தருகிற மேகலா மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு எபி."

சொன்னேன்.

எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸில் கைடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விருந்தாளிகளை டீக்காட்டு வழியாகச் சோலை ஓரம் வரை கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் யானை வந்தால் நின்று வேடிக்கை பார்க்க விடக்கூடாது. "பேக் அவே" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். காட்டுப் பாதை எல்லாம் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் மாமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போய்விடுவார். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கியவன் மேலே வருவது கஷ்டம். அண்ணன் இறங்கினான். பொங்கலுக்குக்கூட வரவில்லை.

என்னைச் சோதித்துப் பார்க்க அந்த ரெண்டு பேரோடு அனுப்பிய அன்றைக்கு யானை வந்தது. கொம்பன். நூறு அடி தூரம் இருக்கும். நான் "பேக் அவே" என்று கத்தினேன். கத்திக்கொண்டே கும்பிட்டுவிட்டேன்.

எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கிற எங்கள் லயன் வீடுகளில் அப்படித்தான். யானையைப் பார்த்தால் கையைக் கூப்பி, "சாமி, நாங்க உன் பிள்ளைங்க, பார்த்துப் போயிரு" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்போம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் கும்பிடுவோம். பாஸ்டரே கும்பிடுவார்.

வெள்ளைக்காரர் என் வாயைக் கவனிக்கவில்லை. கையைத்தான் பார்த்தார். அவரும் கூப்பினார். அந்த அம்மாவும் கூப்பினார், தலையை வேறு தாழ்த்திக்கொண்டார். மூன்று பேரும் வரிசையாக நின்றோம். யானை எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவாகப் போய்விட்டது.

விசிட்டர் புத்தகத்தில், 'மிக அழகான பிரார்த்தனை, நன்றி' என்று எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மேனேஜர் தனபாலன் சார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கைடு வேலைக்கு ஆள் கேட்டேன்டா. பூசாரி கேக்கல."

சனிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். அதுதான் கடைசி.

மிஸ் முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் பாஷா அண்ணன் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார். அவர் எஸ்டேட் ஆம்புலன்ஸ் டிரைவர். துபாய் போவதற்காக இங்கிலீஷ் படிக்கிறார். பஜாரில் பேக்கரிக்கு மேல் மாடி, ரெண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. அதுதான் எங்கள் வகுப்பு.

"பேக் அவேன்னா என்ன?" மிஸ் கேட்டார்.

"பின்வாங்கு."

நோட்டைத் திறந்து காட்டினேன். சிவப்பு மையில் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்.

மிஸ் அந்தத் தாளைக் கிழித்தார். நாலாக மடித்தார். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் இடுக்கில் செருகினார். சத்தம் நின்றது.

"மிஸ்!"

"இப்ப சொல்லு. என்ன?"

"பின்வாங்கு."

"செய்."

எழுந்து, திரும்பி, கதவுப் பக்கம் நடந்தேன்.

"அது போறது. மறுபடி."

வேகமாக நடந்தேன்.

"அது ஓடறது. மறுபடி."

"நீங்களே சொல்லிடுங்களேன் மிஸ். சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு."

மிஸ் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதை என் மூக்குக்கு நேராக நீட்டியபடி நடந்து வந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. அவசரமே இல்லை. ஸ்கேல் நுனி மூக்கைத் தொட இருந்தது.

நான் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"ஆங்," என்றார் மிஸ். "அது."

போய் உட்கார்ந்துவிட்டார்.

"எது மிஸ்?"

"இப்ப செஞ்சது."

"நான் என்ன செஞ்சேன்?"

"அதை நீதான் சொல்லணும்."

பாஷா அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

*

மறுநாள் மிஸ் ஒரு நாற்காலியை நடுவில் போட்டார்.

"இது யானை."

கும்பிட்டேன்.

பாஷா அண்ணன் பெஞ்சிலிருந்து விழாத குறை. "நாலு காலு இருக்குல்ல மிஸ், அதான் பையன் ஏமாந்துட்டான்."

"எதுக்குக் கும்பிட்டே?" மிஸ் கேட்டார்.

"தானா வருது."

"கும்பிட்டப்ப கால் என்ன பண்ணுச்சு?"

யோசித்தேன்.

"நின்னுச்சு."

மிஸ் கீழே பேக்கரிக்குக் குரல் கொடுத்தார். ரெண்டு டீ வந்தது. குடிக்கத்தான் என்று நினைத்தேன். கைக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார்.

"இப்ப பேக் அவே."

நாற்காலியைப் பார்த்தபடி பின்னால் போனேன். கை கூப்ப வழியில்லை. கால் நிற்கவில்லை. ஒன்று, ரெண்டு, மூன்று. எனக்கே சந்தோஷமாக இருந்தது. நாலாவது அடியில் எதையோ மிதித்தேன்.

"ஐயோ, என் காலு!"

பாஷா அண்ணன். டீ முழுவதும் அவர் சட்டையில்.

"யானை கொல்றதுக்கு முன்னாடி இவன் கொன்னுருவான் மிஸ்!"

"பின்னாடி அவர் இருந்தது தெரியாதா எபி?"

"முன்னாடி பார்க்கச் சொன்னீங்க. பின்னாடி இருக்கிறது எப்படித் தெரியும்?"

"தெரியணும்."

"ரெண்டு கண்ணுதான் மிஸ் இருக்கு."

"அவருக்கு வாய் இருக்குல்ல. கேளு."

அதிலிருந்து கேட்டுக்கொண்டே போனேன். "பாஷா அண்ணே?" "இருக்கேன்டா." ஒரு அடி. "அண்ணே?" "இருக்கேன், வா." ஒரு அடி. முப்பது தடவையாவது செய்திருப்போம். பேக்கரிக்கு வந்தவர்கள் படியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீ சிந்தவில்லை. ஆறிப்போய்விட்டது.

சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மிஸ் அதைக் கேட்டார்.

"யாருக்காகப் பின்னாடி போறே?"

"எனக்காக. உசுரு முக்கியம்ல."

"இல்ல."

"யானைக்காக. அதுக்கு வழி விடணும்."

"இல்ல."

"பின்னாடி வர்றவங்களுக்காக."

இதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல."

"அப்ப யாருக்கு? வேற யாரு மிஸ் அங்க இருக்கா?"

மிஸ் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க மிஸ்."

"ஆறு மணி ஆச்சு. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டதே இதற்காகத்தான். அங்கேயும் நாம் ஒன்று கேட்டால் அவர்கள் ஒன்று கேட்பார்கள்.

"நீங்க யானையைப் பக்கத்துல பார்த்திருக்கீங்களா மிஸ்?"

மிஸ்ஸின் கை நின்றது.

அவர் உடுமலைக்காரர். எங்கள் மலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வயதும் அதிகம் இல்லை, எனக்கு ஒரு அக்கா இருந்தால் அந்த வயதுதான்.

"பஸ்ஸுலேர்ந்து ஒரு தடவை," என்றார். "வால் மட்டும் தெரிஞ்சுது."

"வாலைப் பார்த்துட்டுத்தான் எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"டேய், வாயை அடக்குடா," என்றார் பாஷா அண்ணன்.

நான் அடக்கவில்லை.

"சனிக்கிழமை விருந்தாளி மாதிரி நடிக்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார் சார். வாங்களேன். அங்க நாற்காலி வராது."

மிஸ் துடைப்பானைப் பலகை மேல் வைத்தார். கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

"வர்றேன்."

*

வேலை கிடைக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. யாருக்கும் அடிபடவும் இல்லை. மிஸ் இப்போதும் அதே மாடியில்தான் வகுப்பு எடுக்கிறார். சார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார், வேலை மட்டும் கொடுக்கவில்லை. நான் இதைத் திருப்பூரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்தது சரியா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாதது எனக்குப் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை நடந்தது இதுதான்.

*

காலை ஏழு மணி. பனி இன்னும் விலகவில்லை. தனபாலன் சார் நோட்டும் கையுமாக வந்தார்.

"ஒரே ஒரு ரூல்தான் எபி. யானை இருக்கிற பக்கம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. எது நடந்தாலும். கைடு முன்னாடி போனா கூட வர்றவனும் போவான். அப்புறம் நாலு பேரைத் தூக்கணும். புரியுதா?"

"புரியுது சார்."

"வெச்சா, அந்த இடத்தோட முடிஞ்சுது."

"சரி சார்."

நடந்தோம். பாஷா அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு, "ஐ ஆம் ஃப்ரம் ஜெர்மனி" என்றார். சார்கூடச் சிரித்துவிட்டார். மிஸ் புது ஷூ போட்டிருந்தார். ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. இது என்ன மரம், அது என்ன பறவை என்று இங்கிலீஷிலேயே கேட்டுக்கொண்டு வந்தார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். சார் நோட்டில் ஏதோ எழுதினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஓடை திரும்புகிற இடத்தில் மிஸ் பாதையோரம் ஊதா நிறப் பூ ஒன்றைப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் போனார். பதினைந்து அடி இருக்கும். யாரையும் முன்னால் விடக்கூடாது. நான் விட்டேன். மிஸ்தானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

டீச்செடிகளுக்கு நடுவே பனி கறுப்பாக இருந்தது. அப்புறம் அந்தக் கறுப்பு நகர்ந்தது.

மக்னா. கொம்பில்லாத ஆண் யானை. எங்கள் லயனில் கொம்பனைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள்.

நான் கத்தவில்லை. கை தொடையோடு இருந்தது. கண் யானை மேல் இருந்தது.

"பேக் அவே," என்றேன். ஒரு அடி பின்னால் வைத்தேன். "பாஷா அண்ணே?"

"இருக்கேன்டா." ஜெர்மனி எல்லாம் போய்விட்டது.

"சார்?"

"இருக்கேன். வா. அப்படித்தான், வா."

இன்னொரு அடி.

"மிஸ்?"

பதில் இல்லை.

மிஸ் பூவுக்குப் பக்கத்திலேயே நின்றார். பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவருக்கும் யானைக்கும் நடுவில் நாலு வரிசை டீச்செடி இருந்தது. அவ்வளவுதான்.

"பேக் அவே மிஸ்."

அசையவில்லை.

"மிஸ், கால். காலைப் பின்னாடி வைங்க."

"வரலை," என்றார். தமிழில். குரலே இல்லை. "கால் வரலை எபி."

யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. ஆட்டிக்கொண்டிருக்கிறவரை பரவாயில்லை. நிறுத்தினால்தான் பயம். தும்பிக்கை மெல்ல எழுந்து மிஸ் பக்கம் நீண்டது.

"எபி, நீ பின்னாடி வா," என்றார் சார். அவர் குரல் நடுங்கவில்லை. "நீ வந்தா அவங்களுக்கும் கால் வரும். ரூல் ஞாபகம் இருக்குல்ல? வாடா."

அவர் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது.

மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினேன்.

மிஸ் திரும்பவில்லை. யானையைப் பார்த்தபடியே சொன்னார். இந்தத் தடவை குரல் வந்தது. வகுப்பில் வருகிற குரல். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

"எபி. பேக். அவே."

அர்த்தம் தெரிந்தது. தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்.

தூக்கிய காலை முன்னால் வைத்தேன்.