ஆறாவது நாடகம்

துறைப்பட்டினத்துக்காரர்கள் எதை விட்டாலும் பெரிய கொட்டகையில் நாடகம் பார்ப்பதை விடமாட்டார்கள். கொட்டகை என்று பேர்தான். கீற்று போய் ஓடு வந்து, ஓடு போய் மச்சு வந்து வெகு காலமாகிவிட்டது. தை பிறந்தால் அங்கே நாடகம் தொடங்கும், பங்குனி வரைக்கும் நடக்கும். ஒரு பருவத்துக்கு ஆறு நாடகம்.

எந்த ஆறு என்று முடிவு செய்வதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. மார்கழியில் ஒரு நாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு நடிகர்கள் கீழே நாற்காலிகளில் உட்கார வேண்டும். நாடகம் பார்க்கிறவர்கள் மேடையேறி, வரப்போகும் பருவத்தில் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கேட்கிற நாள் என்று பெயர். அன்று சாயங்காலமே ஆறு நாடகங்களின் பெயரையும் மேடையில் நின்று அறிவித்துவிட வேண்டும்.

பல காலமாக அறிவித்து வந்தவர் குமுதவல்லி வாத்தியாரம்மா. நடிகர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவர். இந்த வருஷம் அந்தப் பொறுப்பைத் தாண்டவராயனிடம் கொடுத்திருந்தார்.

தாண்டவராயன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். வாலிபத்திலிருந்தே ராஜபார்ட். அந்த மேடையில் அவர் ஆளாத நாடு கிடையாது. முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு நாடகம் போடக் கத்துக்குடுங்க" என்று வாத்தியாரம்மாவிடமே சீடராக வந்து சேர்ந்தார். அவர் இவரை வாத்தியாரம்மா என்பார். இவர் அவரை அண்ணே என்பார். ராஜாவாக இருந்தவர் சீடராக இருப்பது லேசான காரியமா? அடிக்கடி கோபித்துக்கொண்டு போவார். மறுநாள் காலையில் வந்துவிடுவார்.

அறிவிக்க வேண்டிய ஆறில் ஒன்றை அவர் யாரையும் கேட்காமலே முடிவு செய்து வைத்திருந்தார். உப்பு மண்டபம். அவரும் அவர் மனைவி மரகதமும் சேர்ந்து நடித்த பழைய நாடகம். மரகதம் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்த நாடகம் மறுபடியும் மேடையேறுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீட்டில் தனியாக உலை வைக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக் கமிட்டிக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வந்தது. அவர்களுக்கு வேறொரு ஆசை இருந்தது. மேடையின் இரண்டு பக்கமும் தொங்கும் படுதாக்களை எடுத்துவிட வேண்டும். நடிகர்கள் ஒளிந்து நிற்காமல், எல்லோரும் பார்க்கும்படி பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய நகரங்களில் இப்போது அப்படித்தானாம்.

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. ஆறாவது நாடகம் தாண்டவராயன் இஷ்டம். மேடை கமிட்டி இஷ்டம்.

தாண்டவராயன் அதை வாத்தியாரம்மாவிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"படுதாவையா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார் வாத்தியாரம்மா.

"ஆமா. பழைய துணி. தட்டினா தூசிதான் கொட்டுது. போனாப் போகட்டும்."



கேட்கிற நாள் வந்தது. காலையிலேயே படுதாக்காரர் சின்னப்பன் ஏணி போட்டு இடது பக்கத்துப் படுதாவை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டார். வலது பக்கத்தைச் சாப்பாட்டுக்கு மேல் இறக்குவதாக ஏற்பாடு.

ஜனங்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். மீன் ஏலம் போடுகிறவர் ஒருவர், "சண்டை இருக்கணும், நிஜமா அடிக்கணும்" என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், கதாநாயகி அழாத நாடகம் ஒன்றாவது வேண்டும் என்று கேட்டார். அதற்குக் கைதட்டல் எழுந்தது. ஒரு பெண், "எதைப் போட்டாலும் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. எங்க மாமியார் கதவைத் தொறக்க மாட்டாங்க" என்றாள். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

ஒவ்வொருவர் மேடையேறும்போதும் தாண்டவராயன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இவர் கேட்பார், இவர் நிச்சயம் கேட்பார் என்று பார்த்தார். நரைத்த தலை எது ஏறினாலும் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. வந்தவர்கள் பழைய நாடகங்களைக் கேட்கத்தான் செய்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்ததை, மழைக்கு நடுவே பார்த்ததை, கல்யாணமான புதுசில் பார்த்ததை எல்லாம் கேட்டார்கள். உப்பு மண்டபத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியாக ஏறியவர் கதீஜா பீவி. படகு கட்டும் மரைக்காயரின் மனைவி. மரைக்காயர் போன ஆடியில் காலமாகிவிட்டார்.

"எங்க வீட்டு மரைக்காயர் சிரிச்ச நாடகம் ஒண்ணு இருக்கு. அது வேணும்" என்றார் அவர்.

தாண்டவராயன் எழுந்தார். "நாடகத்துப் பேரு என்னம்மா?"

"பேரு தெரியாதுங்க. நீங்கதான் ராஜா. பிள்ளையைப் பறிகுடுத்துட்டு அழுதீங்க. கொட்டகையே அழுதுச்சு. அவுக மட்டும் சிரிச்சாக. தோள்ல கெடந்த துண்டு கீழ விழற வரைக்கும் சிரிச்சாக. ஏன் சிரிச்சாகன்னு அன்னைக்கும் சொல்லலை, அப்புறமும் சொல்லலை."

கீழே இருந்த நடிகர்கள் சிரித்துவிட்டார்கள். தாண்டவராயனுக்கு முகம் சுருங்கியது. அழுகைக்குப் பேர் போனவர் அவர்.

"நான் அழாத நாடகமே கிடையாதேம்மா. பேரு தெரியாம எதைப் போடறது?"

கதீஜா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வாத்தியாரம்மா தன் இடத்தில் இருந்தபடியே கேட்டார். "நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"அந்தா, அந்தத் தூணோரம். அவுகளுக்கு அங்கதான் பிடிக்கும். கால் நீட்டலாம்."

"அந்த ரெண்டு நாற்காலியும் இந்தப் பருவம் முழுக்க உங்களுக்குத்தான். ஆறு நாடகத்துக்கும் வாங்க."

கதீஜா பீவியின் முகம் மலர்ந்துவிட்டது. மேடையை விட்டு இறங்கியவர் நேரே தூணோரம் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்துக்கொண்டார்.

கதீஜா பீவியைத் தவிர மற்ற ஜனங்கள் கலைந்தார்கள். நடிகர்கள் சாப்பிடப் போனார்கள். தாண்டவராயன் மட்டும் போகவில்லை.

"அந்தம்மா நாடகம் கேட்டாங்க. நீங்க நாற்காலி குடுக்கறீங்க" என்றார் எரிச்சலோடு.

"வாங்கிக்கிட்டாங்களே, அண்ணே."

 பிறகு தாண்டவராயனே மெல்லக் கேட்டார். "வாத்தியாரம்மா, யாருமே கேக்காத ஒரு நாடகத்தைப் போடலாமா?"

"யாருமே கேக்கலையா?"

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"நீங்க கேளுங்களேன். மேடையில ஏறி."

"நான் கீழ உக்கார வேண்டியவன்."

"ஏறுங்கண்ணே. பொழுது போகுது."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். படி ஏறும்போது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். வாத்தியாரம்மா முன்வரிசையில் நடுநாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"உப்பு மண்டபம்."

"நல்ல நாடகமா?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எதிர்ல உக்காந்து பாத்தவ. மந்திரி பேச ஆரம்பிச்சா முக்கால்வாசிப் பேர் சுக்குக் காப்பி குடிக்கப் போயிடுவாங்க. மிச்சப் பேர் தூங்கிட்டிருப்பாங்க."

தாண்டவராயன் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த நாடகத்தை அவர் ஒரு நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை.

"அந்த மந்திரி பேச்சை மட்டும் வெட்டிட்டுப் போடலாமே, அண்ணே. நாடகம் கொஞ்சம் தேறும்."

"ஒரு வார்த்தை வெட்டக் கூடாது!"

ராஜபார்ட் குரல் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. தூணோரத்தில் கண்ணயர்ந்திருந்த கதீஜா பீவி நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவு நல்ல பேச்சா? ரெண்டு வரி சொல்லுங்க, கேப்போம்."

தாண்டவராயன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பத்து நாடகத்து வசனத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனிதர் அவர்.

"அது மந்திரியோட வசனம். எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டிருப்பீங்களே. அவர் பேசும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் வலது பக்கத்தைக் கையால் காட்டினார்.

"எங்கன்னு போய் நின்னு காட்டுங்க."

தாண்டவராயன் வலது பக்கத்துப் படுதாவை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். படுதா அசைந்து நின்றது.

"இங்கதான்" என்ற குரல் உள்ளே இருந்து வந்தது. ராஜபார்ட் குரல் இல்லை. சொந்தக் குரல்.

வாத்தியாரம்மா காத்திருந்தார்.

"மத்த நாடகத்துல எல்லாம் நான் ஒரு பக்கம் நிப்பேன், அவ அந்தப் பக்கம் நிப்பா. மேடையிலதான் பாத்துக்குவோம். இந்த ஒரு நாடகத்துலதான் ரெண்டு பேரும் வலது பக்கமா நுழையணும். மந்திரி பேசி முடிக்கிற வரைக்கும் இங்க நிக்கணும்."

"ம்."

"மடியில பனங்கற்கண்டு முடிஞ்சு வச்சிருப்பா. ஒரு கட்டியை எடுத்துப் பல்லால பாதியாக் கடிப்பா. ஒரு பாதியை என் கையில வைப்பா. பேச மாட்டோம். பேசினா வெளிய கேக்கும். இருட்டா இருக்கும். படுதா மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். அவ தலையில மரிக்கொழுந்து. கை வேர்த்திருக்கும். அந்த வேர்வையோட அந்தக் கட்டி..."

குரல் நின்றது. மறுபடியும் வந்தபோது அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"ஒரு நாள் மந்திரி தடுமாறிப் பாதிப் பேச்சை மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சிட்டான். ஜனங்க விசில் அடிச்சாங்க. எங்களுக்கு அன்னைக்கு ரெண்டு கட்டி."

வாத்தியாரம்மா அதற்குச் சிரிக்கவில்லை. அவருக்கும் மரகதத்தைத் தெரியும். கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, நீங்க அங்க நிக்கறது எனக்குத் தெரியலை."

"தெரியக் கூடாது வாத்தியாரம்மா. அதுக்குத்தானே படுதா..."

படுதாவை உள்ளே இருந்து ஒரு கை பற்றிக்கொண்டது.

சாப்பிட்டுவிட்டு வந்த சின்னப்பன் தோளில் ஏணியோடு மேடைக்கு வந்தார். வலது பக்கமாக ஏணியைச் சாய்த்தார். படுதாவுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்ததும் குனிந்து கால்களைப் பார்த்தார்.

"ராஜா, இதையும் எறக்கிடவா?"

சின்னப்பன் வாத்தியாரம்மாவைப் பார்த்தார். வாத்தியாரம்மா அவரைப் பார்க்கவில்லை, படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப்பா."

"சொல்லுங்க ராஜா."

"எடது பக்கத்தையும் பழையபடி ஏத்திடு."

"கமிட்டியில கேப்பாங்களே?"

"நான் உப்பு மண்டபத்தை விட்டுட்டேன்னு சொல்லிடறேன். சந்தோஷமா சரின்னுடுவாங்க."

சின்னப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் இறக்கியதை மத்தியானம் ஏற்றச் சொல்கிறார்களே என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனார்.

தாண்டவராயன் வெளியே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாள் ஆசைப்பட்டதை விட்டுக்கொடுத்துவிட்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. சின்னப்பன் சுருளைப் பிரித்து மேலே இழுப்பதையே பார்த்தார். தூசி கொட்டியது.

எதிரே தூணோரத்தில் கதீஜா பீவி இன்னும் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஆறு பேரு சொல்லணும், வாத்தியாரம்மா" என்றார் தாண்டவராயன். "இப்ப அஞ்சுதான் இருக்கு. ஆறாவதா நான் எதைப் போடட்டும்?"

வாத்தியாரம்மா எழுந்து புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார்.

"பழசோ புதுசோ, எதுவா இருந்தாலும் சரி அண்ணே. ரெண்டு பேர் ஒரே பக்கம் நின்னு காத்திருக்கிற மாதிரி ஒண்ணாப் பாத்துப் போடுங்க."