இலைக்கோழி அப்பன்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தாமரை மண்டிய ஒரு குளத்தில் இலைக்கோழி ஜோடி ஒன்று குடித்தனம் நடத்தியது. அப்போதெல்லாம் பெட்டைதான் அடைகாக்கும். சேவலுக்கு வேலை, வாலைக் கோதிக்கொண்டு இலைக்கு இலை தாவி, நீர்க்காகங்களோடு அரட்டை அடிப்பதுதான்.

தாமரை இலைமேல் முதலில் இட்ட முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது. அந்தப் பயத்தில், மறுபடி இட்ட நான்கையும் விட்டு நகராமல் கிடந்து பெட்டை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"ஏங்க, பசி உயிர் போகுது. ஒரு வாய் தின்னுட்டு வந்துடறேன், நீங்க உக்காருங்க. காத்தடிச்சா இலை புரண்டுடும். என்ன ஆனாலும் எந்திரிச்சிடாதீங்க."

"உக்காந்திருக்கிறது ஒரு வேலையா? நீ போ," என்றான் சேவல்.

உட்கார்ந்தான். வயிற்றுக்கடியில் ஒரு முட்டைக்குள் ஏதோ அசைந்தது. அவனுக்கு இருப்புக் கொள்ளாத சந்தோஷம். அந்த நேரம் பார்த்துத்தானா நீர்க்காகங்கள் வர வேண்டும்?

"என்ன மாப்ளே, முட்டை நீயா போட்டே?"

குளமே சிரித்தது.

"சேச்சே! கால் வலிச்சுது, சும்மா உக்காந்தேன்," என்று எழுந்தான். அதோடு விட்டானா? தானும் சிரித்துக்கொண்டே அவர்களோடு கரைவரை போனான். பாழாய்ப்போன வெட்கம்!

காற்று வந்தது. பாரமில்லாத இலை புரண்டது. சேவல் ஓடி வருவதற்குள் நான்கும் தண்ணீருக்குள் போய்விட்டன. முங்கி முங்கித் தேடினான். சேறுதான் அகப்பட்டது. முங்குவதில் கெட்டிக்காரர்களான நீர்க்காகங்கள் அதற்குள் பறந்துவிட்டிருந்தன.

பெட்டை திரும்பினாள். அலகில் அவனுக்கென்று ஒரு நத்தை. வெறும் இலையைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டாள்.

"மறுபடியும் பாம்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"சிரிச்சாங்க. எந்திரிச்சிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இனிமே முட்டை போடுறது மட்டும்தான் என்னால முடியும். உக்காந்து காக்க எனக்குத் தெம்பில்லை. புள்ளை வேணும்னா நீங்களே பாத்துக்கோங்க."

அடுத்த மழைக்கு வந்தாள், முட்டையிட்டாள், திரும்பிப் பார்க்காமல் எதிர்க்கரைக்குப் போய்விட்டாள். அவன் போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தான்.

அன்று முதல்தான் இலைக்கோழிகளில் அப்பனே அடைகாக்கிறான். நிழலாடினால் போதும், குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, அவற்றின் கால்கள் வெளியே தொங்கத் தொங்க, இலைமேல் தனியாக ஓடுகிறான்.