தண்டல் இறக்கிவிட்ட ஆள்

ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தின் தென்கரையில் உப்புச்சாமி என்று ஒருவர் இருந்தார். உப்பளத்தில் கூலி வேலை பார்த்துச் சாமியாரானவர். காணிக்கை வாங்க மாட்டார். கேட்கிறவர்களை வள்ளத்தில் ஏற்றி அக்கரையில் விடுவார். அவருக்கு ஒரே ஒரு சீடன். சீடன் குருவைவிடப் பத்து வயது மூத்தவன். பெயர் கஸ்பார்.

கஸ்பார் ஒரு காலத்தில் தண்டல். சரக்குத் தோணியை நடத்துகிறவனுக்கு அந்தக் கடற்கரையில் அதுதான் பெயர். அவன் நடத்திப் போன தோணி ஒருநாள் நடுக்கடலில் மூழ்கியது. ஏழு பேர் போனார்கள். தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு மிதந்த கஸ்பார் மட்டும் கரையேறினான்.

கரையேறியவனோடு ஊரில் யாரும் பேசவில்லை. மாதா கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தோணியின் முதலாளி மட்டும் பேசினார். "விதி கஸ்பார், கடலை யார் என்ன செய்ய முடியும்?" என்று முதுகில் தட்டினார். வெளியே வந்து பத்திரிகைக்காரர்களிடம், "தண்டலுக்கு வயசாகிவிட்டது" என்றார்.

பழி சுமக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் ஊருக்கு நிம்மதி. அவனே வந்து கழுத்தை நீட்டினால் முதலாளிக்கு இரட்டை நிம்மதி. கஸ்பார் நீட்டினான். "எல்லாம் என் குற்றம்" என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிச் சாமியிடம் வந்துவிட்டான். சோறு பொங்கினான், விறகு பொறுக்கினான். வள்ளத்தின் பக்கம் மட்டும் போகவில்லை. அலைச் சத்தம் கேட்காத திசை அந்தக் கரையில் இல்லை. ஆனாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பான்.

ஒருநாள் காலையில் சலேத்தம்மாள் வந்தாள். தோணியோடு போன இஞ்ஞாசியின் மனைவி.

"நாளைக்குத் தோணி விசாரணை, தண்டலண்ணே. வந்து நடந்ததைச் சொல்லுங்க. பாரம் ஏத்தச் சொன்னது யாருன்னு சொல்லுங்க."

"தண்டல்னு என்னைக் கூப்பிடாதம்மா. பழி என்னோட போகட்டும். உப்பிட்டவரை நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"பெரிய மனசுதான். முதலாளி போட்ட உப்பு உங்களுக்கு இனிக்குது. எங்க வீட்டுக்காரரு குடிச்ச உப்பு கரிக்கலையோ?"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு துறைக்குப் போனாள்.

அவன் நேரே குருவிடம் வந்து நின்றான்.

"சாமி, ஒரே வார்த்தை சொல்லுங்க. அந்த ஏழு சாவும் என் குற்றமா, இல்லையா?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"தோணி நிறைஞ்ச பிறகும் சிமெண்டு மூடை ஏத்துனாங்க. தாங்காதுன்னு எனக்குத் தெரியும். முதலாளி கரையில நின்னுக்கிட்டு, 'ஏன் நிக்க, போ'ன்னாரு."

"நீரு?"

"போனேன்."

சாமி எழுந்தார். "கம்பை எடும். இன்னைக்கு வள்ளம் உம்ம பொறுப்பு."

அன்று அக்கரைக் கோயிலில் கொடியேற்றம். துறையில் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. கஸ்பார் கம்பை வாங்கியதைப் பார்த்து இரண்டு பேர் பின்வாங்கினார்கள்.

"வாங்க, வாங்க, எல்லாரும் ஏறுங்க" என்றார் சாமி.

ஏறினார்கள். கைக்குழந்தைக்காரி ஏறினாள். சலேத்தம்மாள் ஏறினாள். வாழைத்தாரோடு ஒருவன் ஏறினான். வள்ளம் தாழ்ந்தது. சாமி இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தாமும் ஏறி நடுவில் உட்கார்ந்தார். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை வைக்க இடமில்லை. கடல் உள்வாங்கும் வற்று நேரம் வேறு. ஆறு மொத்தமும் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

கஸ்பார் கம்பை ஊன்றியபடி நின்றான்.

"ஏன் நிக்கீரு? தள்ளும்" என்றார் சாமி.

கஸ்பாரின் கை கட்டுக்கயிற்றுக்குப் போனது. முடிச்சு பாதி அவிழ்ந்தது. அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் யார் முகத்தைப் பார்ப்பது? வள்ளத்தில் அவனுக்கு மேலே ஆள் இல்லை. அன்று தோணியிலும் இருக்கவில்லை.

"இறங்குங்க" என்றான்.

"யாரைச் சொல்லுதீரு?"

"உங்களைத்தான் சாமி. நீங்களும் பின்னால ஏறுன நாலு பேரும். இல்லன்னா வள்ளம் நகராது."

"சாமியவே இறங்கச் சொல்லுதான் பாரும்வே!" என்றான் வாழைத்தார்க்காரன்.

"நீயும்தான். தாரோட இறங்கு."

"ஒரு தோணிய முக்குனவனுக்குத் தண்ணியோட ஆழம் தெரியத்தான செய்யும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் இறங்கினான். யாரும் சிரிக்கவில்லை. சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

கஸ்பார் அக்கரையில் ஆட்களை இறக்கினான். திரும்பி வந்து, நின்றவர்களையும் கொண்டுபோய் விட்டான். மூன்றாம் நடைக்கு வந்தபோது துறையில் சாமி மட்டும் நின்றார்.

"சாமி, என்னை மன்னிக்கணும். அத்தனை பேருக்கு முன்னால உங்களை இறங்கச் சொல்லிட்டேன்."

சாமி வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"அன்னைக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சாமி. வேலை போயிருக்கும். அவ்வளவுதான்."

"ஆமா."

"அப்போ குற்றம் என்னோடதுதான்."

"ஆமா."

இத்தனை நாளில் யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லாத சொல் அது. கஸ்பார் கம்பை மணலில் குத்திவிட்டு உட்கார்ந்தான். காற்று அவர்கள் இருவருக்கும் நடுவே மணலை வாரிப் போட்டது. அக்கரையில் கொட்டுச் சத்தம். எல்லோரும் கொடிமரத்துக்குப் போய்விட்டார்கள். சலேத்தம்மாள் மட்டும் தண்ணீரோரம் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு நாளைக்கு நான் அங்க போயிப் பேச என்ன இருக்கு?" என்றான் கஸ்பார்.

சாமி வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"வள்ளம் நிறைஞ்ச பிறகும் கூப்பிட்டு ஏத்துனது இந்த வாய். 'தள்ளும்'னு சொன்னதும் இதே வாய். நீரு என்கிட்ட மன்னிப்புக் கேக்கீரு. என்னை ஏன் இன்னும் ஏசல, தண்டல்?"