கண்மாய்க் கரையில் எந்தூசியாசம்

ஊமத்தங்குறிச்சி ஜமீன் வீரகஜ ராஜாவுக்கு எதுவும் கொஞ்சமாகப் பிடிக்காது. பிடித்தால் பைத்தியமாகத்தான் பிடிக்கும். அந்தக் கோடையில் அவரைப் பிடித்தது குதிரைப் பந்தயம். பட்டணத்தில் பார்த்துவிட்டு வந்தவர், வற்றிக் கிடந்த ஊர்க் கண்மாயின் கரையை வெட்டிச் சரித்து மைதானமாக்கச் சொன்னார்.

கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கும் பூலாண்டி, அரண்மனை ராயசம் தில்லைநாதரிடம் ஓடினார். ராஜாவின் ஓலைகளை எழுதுவது ராயசத்தின் வேலை. ராஜாவைச் சமாளிப்பதும் அவர் தலையில்தான் விடியும்.

"ஐயா, மழைக்கு ரெண்டு மாசந்தான் கெடக்கு. கரைய வெட்டிட்டா தண்ணி எங்க நிக்கும்? வயக்காடு காஞ்சா பிள்ளைகுட்டிக என்னத்தத் திங்கும்?"

"வேண்டாம் என்று சொன்னால் அந்த மனுஷர் இன்னொரு கண்மாயையும் சேர்த்து வெட்டச் சொல்வார். பொறு, பூலாண்டி."

மறுநாள் சபையில் ராஜா முழங்கினார். "வேலைக்கு வருகிறவன் எல்லாம் எந்தூசியாசத்தோடு வர வேண்டும்! அது இல்லாமல் கரையில் நிற்பவன் எவனானாலும் பன்னிரண்டு கசையடி!"

எந்தூசியாசம் என்பது அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் கிரிம்பிள் துரை தந்த புது வார்த்தை. நான்கு நாளாகப் புட்டுக்கும் பாயசத்துக்கும்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, தண்டோரா போடுகிறவனுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமே?" என்றார் ராயசம்.

துரை தொண்டையைக் கனைத்தார். "இப்போது உற்சாகம் என்று அர்த்தம். ஆதியில் அது கிரேக்க தேசத்து வார்த்தை. ஒருவனுக்குள் தெய்வம் புகுந்துவிட்டது என்று அர்த்தம்."

"எந்த அர்த்தத்தைச் சொல்லட்டும், மகாராஜா?"

"பழசுதான் உசத்தி! ஆதி அர்த்தத்தையே சொல்லுங்கள்!"

ராயசம் ஓலையில் எழுதினார். ராஜா சந்தோஷமாக முத்திரை போட்டார்.

குறித்த நாளில் ராஜா துரையோடு குதிரையில் வந்து இறங்கினார். ஒரு மண்வெட்டியும் மண்ணில் படவில்லை. உடுக்கைக்காரனும் ஆடியபடியே அடித்துக்கொண்டிருந்தான். ஊரே தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன கூத்து இது?" என்று கத்தினார் ராஜா.

கையில் திருநீற்றுத் தட்டோடு நின்ற ராயசம் பணிவாகச் சொன்னார். "உத்தரவுப்படி எந்தூசியாசம், மகாராஜா."

சாமி வந்தவர் முன்னால் ராஜாவானாலும் செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்ன குறை என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அது ஊர் வழக்கம். வீரகஜ ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார், கட்டினார், கேட்டார்.

பூலாண்டி உடம்பெல்லாம் குலுங்க உறுமினார். "மடை காக்குற என் தலையில குதிர ஓட விடுவியாடா? கரையத் தொட்ட, பாத்துக்க!"

ராஜாவுக்கு வியர்த்தது. கோபம் ராயசத்தின் மேல் திரும்பியது.

"உமக்குச் சாமி வரவில்லையே! உத்தரவு உத்தரவுதான். இதோ கசை!" என்று தன் குதிரைக் கசையை உருவினார்.

"ஆகட்டும், மகாராஜா. ஆனால் கரையில் சாமி வராமல் நிற்பது மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் துரை. மூன்றாவது ஆளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

துரை கசையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட ஆரம்பித்தார்.

ராஜா ஒரு கணம் யோசித்தார். தலைப்பாகை பறந்தது. தங்கு தங்கென்று குதித்தபடி, "கண்மாய் கண்மாயாகவே இருக்கட்டும்! கரையில் மண்வெட்டி படக்கூடாது!" என்று கர்ஜித்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். பூலாண்டிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அது நிஜக் கண்ணீர்.

ஆனால் ராஜா லேசுப்பட்டவரா? ஆடிக்கொண்டே ராயசத்தின் அருகே வந்தார்.

"இப்போது மிச்சம் நீர் ஒருவர்தான். பன்னிரண்டு கசையடி!"

"வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா. எனக்கும் சாமி வந்துவிட்டால்கூட நல்லதுதான். ஆனால் சாமி வராதவன் ஒருவன் நெற்றியில் திருநீறு பூசினால்தானே சாமி மலையேறி ஆட்டம் அடங்கும்? நானும் ஆடினாலும் சரி, அடி வாங்கிப் படுத்தாலும் சரி, நீங்கள் பொழுது சாயும் வரை ஆட வேண்டியதுதான்."

ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "சரி, அடி கிடையாது. பூசும்!"

ராயசம் ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து, அந்தரத்தில் நிறுத்தினார். "சபையில் ஒரு பட்டுச் சால்வை?"

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. குதித்துக்கொண்டே சிரித்தார்.

"இரண்டாகவே தருகிறேன் ஐயா, முதலில் பூசித் தொலையும்! முழங்கால் கழன்றுவிடும்போல் இருக்கிறது!"