எதிரும் புதிருமாய் இரண்டு ஸ்பீக்கர்

கோவில்பட்டியில் கார் ஸ்பீக்கருக்கு ஞானதுரைதான் பிரம்மா. அப்படிச் சொல்வதும் ஞானதுரைதான். அவர் கடையில் சீட் கவர் தைப்பவள் இசக்கி.

அன்று ஆசிரியர் மகிழ்நனின் காரில் கம்பெனி ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, முன்கதவு இரண்டிலும் பெரிய ஸ்பீக்கர் மாட்டினார் ஞானதுரை. பாட்டுப் போட்டால் கனத்த அடியொலியான பேஸே இல்லை. தகர டப்பாவுக்குள் கொசு பாடியது.

"கார் சரியில்ல சார். பேஸுக்குன்னு ஒரு ஊஃபர் பெட்டியும் வாங்கிருங்க."

"வேண்டாம் சார், இதுலயே வரும்" என்றாள் இசக்கி, தையலை நிறுத்தாமல்.

ஞானதுரைக்குச் சுர்ரென்றது. "ஊசி பிடிக்கிறவளுக்கு ஊஃபர் பேச்சா? புதுசா ஒண்ணும் வாங்காம பேஸை வர வை, பாப்போம். வரலைன்னா நாளையிலேர்ந்து மிஷின்ல உக்காராத!"

ஊசி பிடித்தால் காது கேட்காது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ!

"சரி அண்ணாச்சி" என்று எழுந்தாள். கதவின் உள்பக்க அட்டைக்குத் துணி ஒட்டுகிறவளுக்கு அதைக் கழற்றத் தெரியாதா? இடக்கதவின் அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகினாள். அவ்வளவுதான்.

திம்மென்று எழுந்த பாட்டு நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. டீ கிளாஸில் வட்டவட்டமாய் அலை. எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர் வீசிய மாவைப் பிடிக்க மறந்தார். ஆசிரியருக்குப் புல்லரித்துவிட்டது.

"என்னம்மா பண்ணின?"

"ஒரு பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடந்துச்சு சார். ஒண்ணு காத்தைத் தள்ள, மத்தது இழுக்க, பேஸ் நடுவுல செத்துப்போச்சு."

ஞானதுரை தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே நினைச்சேன்."

"நினைச்சது நேர்தான் அண்ணாச்சி. மாட்டினதுதான் தலைகீழ்."